வியாழக்கிழமை மடல்: தில்லித் தமிழ்க் கடை ஒன்றின் மின்னஞ்சல் சேவை பற்றிய மதிப்பீடு

தில்லியில் தென்னிந்தியச் சரக்கு விற்கும் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மாவின் புளிப்பையும் காபித்தூளின் மணத்தையும் அரிசியின் விலையையுமே எடுத்துக்கொள்கிறார்கள். நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது, ஆர்.கே.புரத்தை ஒட்டிய ஒரு தமிழ் மளிகைக் கடை தன் வாடிக்கையாளர்களுக்கு வியாழக்கிழமைதோறும் அனுப்பிவரும் மின்னஞ்சலை. கடையின் பெயரை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ரயிலில் வந்து சேரும் சரக்கு இப்போதிருக்கும் குடும்பங்களுக்கே போதாதபோது, இதைப் படித்துவிட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப நேரும் என்பது அவர் சொன்ன காரணம். விளம்பரம் வேண்டாம் என்கிற ஒருவரின் விளம்பர மடலைப் பாராட்டி எழுதுவதில் உள்ள முரண் எனக்கும் தெரிகிறது. ஆயினும் மின்னஞ்சல் வழி வாடிக்கையாளரிடம் பேசும் எந்தக் கடைக்கும், எந்த நிறுவனத்துக்கும் இந்தச் சிறிய கடையிடம் கற்க நிறைய இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

கடையின் பின்புலம் தெரியாமல் மடலின் தன்மை விளங்காது. சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ரயில் பாதை சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் பார்சலாக ஏற்றிவிடப்படும் வாழையிலையும் வாழைத்தண்டும் சின்ன வெங்காயமும் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் பல மணி நேரம் தாமதமாக வந்து சேரும். மே, ஜூன் வெயிலில் இலை ஓரம் கருகி வரும். ஆகவே, எந்த வாரம் எது எவ்வளவு இருக்கும் என்பது புதன்கிழமை இரவு வரை கடைக்காரருக்கே தெரியாது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மத்திய அரசு அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்று, முனிர்க்கா, ஜனக்புரி, மயூர் விஹார் என்று நகரமெங்கும் பரவி வாழ்கிறவர்கள். ஒரு பை வாழைக்காய்க்காக மயூர் விஹாரிலிருந்து புறப்பட்டு வருகிறவருக்கு, அங்கே போனால் இருக்குமா இருக்காதா என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் இந்த மடல். விற்பதற்கு ஆள் தேடி எழுதப்பட்டதல்ல என்பது அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியிருந்தால் வேலை எளிதாயிருக்குமே என்று நானும் கேட்டேன். அவர் மூன்று காரணம் சொன்னார். குழுவில் ஒருவருடைய எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வாழையிலைச் செய்தி புதைந்துவிடும். குழுவை விட்டு ஒருவர் விலகினால், விலகியவர்கள் பட்டியலில் அது மற்றவர்கள் கண்ணில் பட்டு, கடைக்காரருக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்ற பேச்சு கிளம்பும். மின்னஞ்சலில் இந்தத் தொல்லைகள் இல்லை. விலகுகிறவர் ஓசையின்றி விலகலாம். இந்த மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மடலின் உள்ளடக்கம் சுருக்கமானது. வந்த சரக்கு எது, வராதது எது, வந்ததில் குறையுள்ளது எது என்ற வரிசையில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். நல்லெண்ணெய் எந்த ஊர்ச் செக்கிலிருந்து வந்தது, காபித்தூளில் சிக்கரி எத்தனை விழுக்காடு என்பன போன்ற விவரங்களும் உண்டு. காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இவர் தம்முடைய மூன்று கலவைகளின் விகிதத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதிவிடுகிறார். ஆனால் மடலை மற்ற கடைகளின் மடல்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த மூன்றாவது பகுதி, அதாவது குறை சொல்லும் பகுதிதான். கடந்த மழைக்காலத்தில் வந்த ஒரு மடலில், "சின்ன வெங்காயத்தில் ஈரம் அதிகம். நான்கைந்து நாளுக்கு மேல் தாங்காது. உடனே சமைப்பவர்கள் மட்டும் வாங்கவும்" என்று எழுதியிருந்தார். தன் சரக்கைப் பற்றித் தானே இவ்வாறு எழுதுகிற ஒருவர், அடுத்த வாரம் "முருங்கைக்காய் நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படுவதில்லை. "அபாரம்", "இதுவரை காணாத", "உங்களுக்காகவே" போன்ற சொற்கள் அந்த மடல்களில் எங்கும் தென்படவில்லை.

முகவரியை எப்படிப் பெறுகிறார்கள் என்பது ஒரு நிறுவனத்தின் குணத்தை முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கடையில் கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. வேண்டியவர்கள் அதில் தாங்களாகவே பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதுகிறார்கள். எழுதும்படி யாரும் கேட்பதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில், வாரம் ஒரு மடல் வரும், சரக்கு விவரம் தவிர வேறொன்றும் வராது, முகவரி வேறு எவருக்கும் தரப்படாது என்று மூன்று வரிகள் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. அன்றிரவே ஒரு சிறிய மின்னஞ்சல் வருகிறது; அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கி உறுதி செய்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும். வேறொருவருடைய முகவரியைத் தவறாகவோ குறும்பாகவோ எழுதிவிட்டால், அந்த மூன்றாம் மனிதருக்குத் தொல்லை தொடராமல் இருக்க இந்த இரண்டாவது படி உதவுகிறது.

இதோடு ஒப்பிட, நகரத்தின் பெரிய அங்காடிச் சங்கிலி ஒன்றில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தராவிட்டால் பில் போட இயலாது என்று பணியாளர் சொன்னார். பில் தொகையைச் செலுத்த அது எதற்கு என்ற கேள்விக்கு "சிஸ்டம் கேட்கிறது, சார்" என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. எண்ணைத் தருமாறு வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்தப் பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி கணினியை அமைத்தவர் வேறெங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கிறார். அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு மூன்று மடல்கள் வரத் தொடங்கின. குழந்தைகளுக்கான டயப்பரில் தள்ளுபடி என்று ஒன்றும், முதியோருக்கான டயப்பரில் தள்ளுபடி என்று ஒன்றும் ஒரே நாளில் வந்ததைக் கண்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வணிக நோக்கிலான தொலைபேசி அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. 1909 என்ற எண்ணில் விருப்பத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். மின்னஞ்சல் அந்த வளையத்துக்குள் வருவதில்லை. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் நமக்கு உள்ள பிடிமானம். இசைவு என்பது தடையற்றதாகவும், குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கானதாகவும், விவரம் அறிந்து தெளிவான ஒரு செயலால் தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றும், கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அந்தக் காலக்கெடுவுக்குக் காத்திராமல், கல்லாப்பெட்டி அருகே ஒட்டிய மூன்று தமிழ் வரிகளில் ஒரு மளிகைக் கடை இதன் சாரத்தை நிறைவேற்றியிருக்கிறது.

மடல் "அன்புடையீர், வணக்கம்" என்று தொடங்குகிறது. பெயர் சொல்லி அழைத்தால் நெருக்கம் கூடும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் நம்பிக்கை. தமிழர் பெயர்களிடம் அந்த நம்பிக்கை பலிப்பதில்லை. நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருகிறது, முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்த மென்பொருள் முதல் கட்டத்தில் உள்ளதை எடுத்துக்கொண்டு "ஹாய் கே!" என்கிறது. தலைப்பெழுத்தை விரித்து எழுதினால் தந்தையின் பெயரால் மகளை அழைக்கிறது. எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு அம்மையாருக்கு, அவருடைய காலஞ்சென்ற தந்தையின் பெயரைச் சொல்லி, "உங்கள் பிறந்தநாளைக் கலக்கலாகக் கொண்டாடுங்கள்" என்று வந்த மடலை அவரே என்னிடம் காட்டினார். இயந்திர மொழிபெயர்ப்பில் வரும் மடல்களோ ஒரு வரியில் "நீங்கள்" என்றும் அடுத்த வரியில் "உன் கூடை காத்திருக்கிறது" என்றும் எழுதுகின்றன. "அன்புடையீர்" என்பது பழைய பாணிதான். ஆனால் அது யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை, யாருடைய தந்தையையும் எழுப்புவதில்லை.

இனி, இந்த மடலில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் ஒரு சாவு நேர்ந்தால் ஓராண்டு வரை பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து தருவதே வழக்கம். அப்படிப்பட்ட வீட்டுக்கு "தீபாவளி வந்தாச்சு! லேகியம், அதிரச மாவு, முறுக்கு அச்சு முன்பதிவு செய்துவிட்டீர்களா?" என்று ஒரு மடல் போனால் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கடை ஆவணி மாதக் கடைசியில் ஒரு தனி மடல் அனுப்புகிறது. பண்டிகைச் சரக்கு பற்றிய மடல்கள் அடுத்த வாரத்திலிருந்து வரும். இந்த ஆண்டு அவை வேண்டாம் என்பவர்கள் கீழேயுள்ள இணைப்பைச் சொடுக்கினால் போதும், வாராந்தரச் சரக்கு மடல் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும், காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை என்று அதில் இருக்கும். காரணம் எழுத வேண்டியதில்லை என்ற அந்தத் தொடரை உரிமையாளரின் மனைவி சேர்க்கச் சொன்னாராம். பிரிட்டனில் புளூம் அண்ட் வைல்டு என்ற பூ விற்பனை நிறுவனம் 2019-இல் அன்னையர் தினத்தை ஒட்டி இதேபோல் ஒரு வாய்ப்பைத் தந்து, அது பரவலாகப் பேசப்பட்டது. ஆர்.கே.புரத்துக் கடைக்காரருக்கு அந்தச் செய்தி தெரியாது. துக்கம் நடந்த வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று ஊரில் கற்றுக்கொண்டதை மின்னஞ்சலுக்கும் பொருத்தியிருக்கிறார், அவ்வளவே.

திவசச் சரக்கு விஷயத்தில் அவர் காட்டும் எச்சரிக்கை இதைவிட நுட்பமானது. ஒருவர் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் எள்ளும் தலைவாழையிலையும் வாழைக்காயும் பாகற்காயும் பயத்தம்பருப்பும் ஒன்றாக வாங்கினால், அந்த வீட்டில் அந்த மாதம் சிராத்தம் என்பது எந்த மளிகைக்காரருக்கும் விளங்கிவிடும். பில் போடும் கணினிக்கும் இன்று அது விளங்கும். அந்த விவரத்தைக் கொண்டு, சென்ற ஆண்டு இந்நாளில் நீங்கள் வாங்கியவை இவை, மீண்டும் அனுப்பட்டுமா என்று ஒரு மடல் அனுப்புவதற்கு மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்; பயனும் இருக்கத்தான் செய்யும், ஏனெனில் திதி மறந்துபோகிற வயதில்தான் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் அவர் அதைச் செய்வதில்லை. சரக்கு வாங்கியதால் அவருக்குத் தெரியவந்ததை, சரக்கு விற்பதற்காக அவர் திருப்பிப் பயன்படுத்துவதில்லை. அமாவாசை எந்தக் கிழமையில் வருகிறது, இலை எப்போது வந்து சேரும், எத்தனை மணிக்குள் சொல்லிவைக்க வேண்டும் என்பவற்றை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறார். தம் வீட்டுத் திதியை நினைவூட்டச் சொல்லி யாராவது தாமாகக் கேட்டால் மட்டும், அந்த வாரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்கிறார், மின்னஞ்சல் அனுப்புவதில்லை. வாடிக்கையாளரைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறதோ அவ்வளவையும் மடலில் காட்டிக்கொள்வதே திறமை என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு இந்த அடக்கம் புரியுமா என்பது ஐயமே.

அவசரப்படுத்தும் வழக்கமும் இங்கே இல்லை. "இன்னும் இரண்டே மணி நேரம்", "கடைசி மூன்று பாக்கெட்டுகள்" என்று நாள்தோறும் எழுதி, மறுநாள் அதே மூன்று பாக்கெட்டுகளை மீண்டும் கடைசியாக்குகிற வித்தையை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்திருக்கிறது. டார்க் பேட்டர்ன் எனப்படும் 13 ஏய்ப்பு உத்திகளைப் பட்டியலிடும் அந்த ஆவணத்தில் பொய்யான அவசரம், மறுப்பவரை வெட்கப்படுத்தும் சொற்கள், ஓயாத நச்சரிப்பு, குழப்பும் கேள்வி ஆகியவை இடம்பெற்றுள்ளன. "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பணத்தைச் சேமிப்பதில் எனக்கு ஆர்வமில்லை" என்று எழுதி அதைச் சொடுக்கச் சொல்வது அந்த இரண்டாவது வகை. தில்லித் தமிழ்க் கடையின் மடலிலும் சில வாரங்களில் "இலை குறைவாகவே வந்திருக்கிறது" என்று இருக்கும். அந்த வாரங்களில் மாலை போனால் உண்மையிலேயே இலை இருக்காது.

விலகும் வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு நிறுவனம் வாடிக்கையாளரை மதிக்கிறதா என்பதை நான் அங்கேதான் பார்க்கிறேன். வரும்போது வாசலில் நின்று வரவேற்றுவிட்டு, புறப்படும்போது செருப்பை ஒளித்துவைக்கும் வீட்டார்போலத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் நடந்துகொள்கின்றன. விலகுவதற்கான இணைப்பு மங்கிய சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், அடியில் கிடக்கும். சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும். அது மறந்திருந்தால் ஓடிபி. அதன்பின் எட்டு வகை மடல்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கும். எல்லாவற்றையும் நீக்கிய பிறகு "மாற்றங்கள் நடைமுறைக்கு வரச் சில நாட்கள் ஆகலாம்". சேர்க்க ஒரு நொடியும் நீக்கச் சில நாட்களும் ஏன் ஆக வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை. விளம்பர மின்னஞ்சல் பற்றிய அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 10 வேலை நாட்கள் வரை அவகாசம் தந்தது. பலரும் அந்த உச்சவரம்பையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். இந்தக் கடையின் மடலில் விலகும் இணைப்பு, மற்ற வரிகளின் அதே அளவு எழுத்தில், கையொப்பத்துக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரே சொடுக்கு. "நீக்கிவிட்டோம். கடைக்கு எப்போதும்போல் வாருங்கள்" என்று ஒரு வரி திரையில் தோன்றுகிறது. ஏன் போகிறீர்கள் என்ற வினாத்தாள் இல்லை. அழுகிற முகப் படமும் இல்லை.

தொடக்கத்தில் ஒரு சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்துதான் மடல் போய்க்கொண்டிருந்தது. அப்போதும், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி எல்லா முகவரிகளையும் மறைநகல் (பிசிசி) கட்டத்தில் இடும் கவனம் அவர்களிடம் இருந்தது. சிறிய செயலாகத் தோன்றும். ஆனால் நான் உறுப்பினராக உள்ள ஒரு அமைப்பு அனைவரின் முகவரியையும் பெறுநர் கட்டத்திலேயே போட்டு ஆண்டுக் கூட்ட அழைப்பை அனுப்ப, அதற்கு ஒருவர் எல்லோருக்கும் பதில் எழுத, என்னை நீக்குங்கள் என்று பலரும் எல்லோருக்கும் எழுத, இரண்டு நாட்களுக்கு அஞ்சல் பெட்டி தாங்கவில்லை. இலவச ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப இயலாது. ஒரு சொடுக்கில் விலகும் வசதியையும் மறைநகல் மடலில் வைக்க முடியாது. ஆகவே கடைக்காரரின் மகள் சொந்தமாக ஒரு இணையப் பெயரைப் பதிவு செய்து, கட்டணச் சேவை ஒன்றின் மூலம் அனுப்பத் தொடங்கினார். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகளை அந்தப் பெயரோடு சேர்க்க வேண்டியிருந்தது. மடல் உண்மையிலேயே அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது என்று பெறும் பக்கத்துக்கு உறுதிப்படுத்துபவை அவை.

பெரிய அளவில் அனுப்புகிறவர்களுக்கு இவை இப்போது கட்டாயம். நாளொன்றுக்கு 5,000-க்கு மேற்பட்ட மடல்களை ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புகிறவர்கள் இந்தப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும், ஸ்பேம், அதாவது வேண்டாத மடல் என்று புகார் செய்கிறவர்களின் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்று கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து வற்புறுத்துகிறது, யாஹூவும் அவ்வாறே. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலடைந்து அந்தப் பொத்தானை அழுத்தினாலே மற்ற 997 பேருக்கும் மடல் போய்ச் சேராத நிலை வரலாம். விலகும் வழியை ஒளித்துவைக்கிறவர்கள் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வதாக நினைக்கிறார்கள். வழி கிடைக்காதவர் புகார்ப் பொத்தானைத்தான் தேடிப் போகிறார். வேண்டாத விளம்பர மடல் ஒன்றும் புதிதல்ல. 1978 மே மாதத்தில் கணினி நிறுவன விற்பனையாளர் கேரி தெர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலைப்பின்னலில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி வாங்கிக்கட்டிக்கொண்டார். ஆனால் அதனால் நல்ல வியாபாரம் நடந்ததாகவும் அவர் பின்னாளில் சொல்லிவந்தார். இந்தத் தொழிலின் நோய் அன்றே கருக்கொண்டுவிட்டது.

யார் மடலைத் திறந்தார்கள், எத்தனை முறை திறந்தார்கள் என்று காட்டும் வசதி அந்தக் கட்டணச் சேவையிலும் இருக்கிறது. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து, அது தரவிறக்கப்படுவதைக் கொண்டு கணக்கெடுப்பது அதன் முறை. ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் தன் அஞ்சல் செயலியில் அத்தகைய படங்களை முன்கூட்டியே தானாக இறக்கிவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகு, அந்தக் கணக்கு பாதி பொய்யாகிவிட்டது. கடைக்காரரின் மகள் அதை அணைத்துவைத்திருக்கிறார். மடல் பயன்படுகிறதா என்பது வெள்ளிக்கிழமை காலையில் யார் எதைக் கேட்டு வருகிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடுகிறதாம்.

குறைகளும் உண்டு. அவற்றுள் முதலாவது, நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது. ஆண்டுக்கொரு முறை தை மாதத்தில், மடல் தொடர்ந்து வேண்டுமா என்று கேட்டு எழுதுகிறார்கள். பதில் சொல்லாதவர்களின் பெயரை ஒரு மாதம் கழித்து நீக்கிவிடுகிறார்கள். கொள்கை சரியானதே. மறைந்தவர்களின் முகவரிகளும், ஊரை விட்டுப் போனவர்களின் முகவரிகளும் பட்டியலில் தங்கிவிடாமல் இருக்க இது உதவும். ஆனால் முதியவர்கள் பலர் மடலைப் படிப்பார்கள், எதையும் சொடுக்க மாட்டார்கள். தெரியாத இணைப்பைச் சொடுக்காதீர்கள் என்று பிள்ளைகள் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு அப்படி நீக்கப்பட்ட ஒரு பெரியவர் கடைக்கே வந்து, "இத்தனை வருஷமாக வாங்குகிறேன், என்னை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று வருத்தப்பட்டதை நானே பார்த்தேன். கடைக்குத் தொடர்ந்து வருகிறவர்களிடம் கல்லாவில் வாயால் கேட்டு நோட்டில் ஒரு குறி போட்டுக்கொண்டால் போதும். சொடுக்கு ஒன்றையே இசைவுக்குச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது குறை விலைப்பட்டியல். மடலின் வாசகம் எழுத்தில் இருந்தாலும், விலைப்பட்டியல் கரும்பலகையில் எழுதியதைக் கைப்பேசியில் எடுத்த படமாக வருகிறது. பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் படம் கலங்குகிறது. திரையைப் படித்துச் சொல்லும் செயலிகளுக்கு அதில் எதுவும் தெரிவதில்லை. படங்களைத் தடுத்துவைத்திருப்பவர்களுக்கு வெற்றுக் கட்டம்தான் தெரியும். எழுத்தாக மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை வெட்டி, மீதியைத் தனியே திறந்து பார்க்கச் சொல்கிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு என்றால் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. "கொ" என்ற ஓரெழுத்துக்கே ஆறு. அலங்காரங்களைக் குவித்த தமிழ் மடல் ஆங்கில மடலைவிட விரைவில் அந்த எல்லையைத் தொட்டுவிடும், வெட்டுப்படுவதோ கடைசியில் உள்ள விலகும் இணைப்பு. வெறும் வரிகளாக அனுப்பினால் இந்தச் சிக்கல் எழாது.

மூன்றாவது, மடல் தமிழில் மட்டுமே வருகிறது. தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை; மற்றவர்கள் மடலை அம்மாவுக்கு அனுப்பி, அம்மா குரல் பதிவில் படித்துச் சொல்ல, அதன்பின் குருகிராமிலிருந்து கடைக்குத் தொலைபேசி செய்கிறார்கள். எல்லோருக்கும் இரு மொழியில் அனுப்பி மடலை நீட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோட்டில் பெயர் எழுதும்போதே எந்த மொழியில் வேண்டும் என்று ஒரு கட்டம் வைத்து, இரண்டு பட்டியல்களாகப் பிரித்தால் தீர்ந்தது.

பதில் எழுதினால் மனிதர் ஒருவர் படிக்கிறார் என்பதை இறுதியாகச் சொல்ல வேண்டும். பதில் அனுப்ப இயலாத முகவரியிலிருந்து மடல் அனுப்புவதைப் பல பெரிய நிறுவனங்கள் இயல்பாகக் கொண்டுவிட்டன. அவர்கள் பேசலாம், நாம் பேசக் கூடாது. இங்கே, பண்டிகை வாரங்களில் மூன்று நாள் வரை தாமதமானாலும், பதில் வந்துவிடுகிறது. மேலே சொன்ன குறைகளை நான் முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்து அனுப்ப மகளுக்கு நேரம் வேண்டியிருக்கிறது, தேர்வு முடிந்ததும் மாற்றிவிடுவோம், மொழிக் கட்டத்தை அடுத்த நோட்டில் சேர்க்கிறோம், தை மாத நீக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதன் அடியில், இந்த வாரம் சேனை நன்றாக வந்திருக்கிறது என்ற ஒரு வரியும் இருந்தது.